கறியும் முட்டையும் கல்லீரலைக் காக்குமா?

அன்புள்ள ஐயா,

என் மச்சான் தினமும் குடிப்பவர். ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்று வந்திருக்கிறது. "வெறும் வயிற்றில் குடிக்கிறவனுக்குத்தான் ஈரல் போகும், நான் கறி முட்டையோடுதானே குடிக்கிறேன், எலியை வைத்தே நிரூபித்துவிட்டார்கள்" என்கிறார். உண்மையா?

ம., விருதுநகர்

அன்புள்ள ம.,

அப்படி ஓர் ஆய்வு இருக்கிறது. செய்தவர் இன்சுலின் கண்டுபிடிப்பில் பங்குள்ள சார்லஸ் பெஸ்ட். அவர் குழு எலிகளுக்குத் தண்ணீருக்குப் பதிலாக 15 சதவீத ஆல்கஹால் கலந்த நீரை வைத்தது. கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தது. சர்க்கரை கொடுத்த எலிகளுக்கும் சேர்ந்தது. உணவில் கோலின் என்ற சத்தைக் கூட்டியதும் பாதிப்பு தடைபட்டது. ஆக, ஆல்கஹால் தனியாக நஞ்சல்ல, சத்துக்குறைவுதான் காரணம் என்று 1949-இல் எழுதினார்கள்.

ஆனால் எலிக்கு ஆல்கஹால் பிடிக்காது. தண்ணீரில் கலந்து வைத்தால் கொஞ்சமாகத்தான் குடிக்கும். அதையும் நம்மைவிட வேகமாக உடம்பு எரித்துவிடும். ரத்தத்தில் பெரிதாக ஏறாது. 1960-களில் நியூயார்க்கில் சார்லஸ் லீபரும் லியோனோர் டிகார்லியும் இதற்கு வழி கண்டார்கள். சாப்பாடு முழுவதையும் திரவமாக்கி, கலோரியில் 36 சதவீதத்தை ஆல்கஹாலாகக் கொடுத்தார்கள். புரதம், வைட்டமின், கோலின் எதிலும் குறைவில்லை. பசித்தால் அதைத்தான் குடிக்க வேண்டும்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது ஜோடி எலிதான். அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் முதல் எலி எவ்வளவு குடித்ததோ, ஜோடிக்கும் அதே அளவுதான் ஊற்றுவார்கள். அதில் ஆல்கஹாலுக்குப் பதில் மாவுச்சத்து இருக்கும். கலோரி இரண்டுக்கும் ஒன்றே. கொழுப்பு ஏறியது ஆல்கஹால் குடித்த எலிக்கு.

எலியின் கல்லீரல் கொழுப்பு நிலையைத் தாண்டி, சுலபமாகத் தழும்பேறிச் சுருங்குவதில்லை. அதனால் லீபர் பபூன் குரங்குகளிடம் போனார். நல்ல சத்துணவுதான், ஆனால் பாதிக் கலோரி ஆல்கஹால். சில ஆண்டுகளில் சில குரங்குகளுக்கு அந்தச் சுருக்க நோயான சிரோசிஸே வந்துவிட்டது. 1975-இல் இது வெளியானது. கூண்டிலிருந்த அந்தக் குரங்குகளை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

சாப்பிடாமல் குடித்தால் கேடு கூடும் என்பது சரி. சாப்பிட்டுக் குடித்தால் கேடில்லை என்பதுதான் தவறு. மச்சானுக்கு வெறும் கொழுப்பு நிலை என்றால் நல்ல செய்தி உண்டு: குடியை விட்டால் பெரும்பாலும் சில வாரங்களில் அது கரைந்துவிடும். ஆனால் தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். முதலில் டாக்டரிடம் கூட்டிப் போங்கள், நீங்களும் கூடவே இருங்கள்.