ஸ்கேல் வைத்து இழுத்த கோடு ஓவியமாகுமா?

கேள்வி: நான் பள்ளியொன்றில் ஓவிய ஆசிரியை. நஸ்ரீன் முகமதியின் படங்கள் சிலவற்றை மாணவிகளுக்குக் காட்டியபோது, "டீச்சர், இது ஜாமெட்ரி நோட்டு மாதிரி இருக்கே!" என்று சிரித்துவிட்டார்கள். எனக்கும் பதில் தோன்றவில்லை. ஸ்கேல் பிடித்துக் கோடு போட்டவரை முன்னோடி என்று ஏன் கொண்டாடுகிறார்கள்?
— ஒரு வாசகி, தக்கலை

பதில்: உங்கள் மாணவிகளின் கண் பழுதற்றது. கட்டட வரைபடம் போடுவோர் கையாளும் கருவிகளைக் கொண்டுதான் நஸ்ரீன் பென்சிலாலும் மையாலும் அந்தப் படங்களை வரைந்தார். ஆனால் அவர் அங்கிருந்து தொடங்கவில்லை என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். 1937இல் கராச்சியில் பிறந்து பம்பாயில் வளர்ந்த அவர், 1954 முதல் 1957 வரை லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைப்பள்ளியில் பயின்றார்; பின்னர் 1961 முதல் 1963 வரை பிரெஞ்சு அரசின் உதவித்தொகையில் பாரிஸில் இருந்தார். அக்காலத்துப் படங்களில் தூரிகை உண்டு, கரைந்து பரவும் மை உண்டு, செடியென்றும் கடலென்றும் ஊகிக்கக்கூடிய சாயல்களும் உண்டு. பம்பாயில் வி. எஸ். கைதொண்டே போன்ற மூத்த ஓவியரின் நெருக்கம் கிடைத்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்து, வண்ணம், உருவம், தூரிகை வீச்சு ஆகிய மூன்றும் கழிந்தபின் எஞ்சிய கோட்டை 1970களில் கையில் எடுத்தார். இந்தியாவில் பெரும்பாலோர் உருவங்களையே வரைந்துகொண்டிருந்த நாளில், துணைக்கு ஆளில்லாமல் அவர் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததனால்தான் முன்னோடி என்கிறோம்.

அந்தக் கோடுகள் ஒரே மாதிரியானவை என்று எண்ணுவது அச்சுப் படத்தை மட்டும் பார்ப்பதால் வரும் பிழை. ஒன்று மெலியும், அடுத்தது அழுந்தும், இடைவெளி சிறிது சிறிதாக நெருங்கும். அந்த நெருக்கத்தினால் தட்டையான தாள் ஓரிடத்தில் பள்ளமாகவும் மற்றோரிடத்தில் மேடாகவும் தோன்றத் தொடங்கும். நீங்கள் தக்கலைக்காரர் என்பதால் சொல்கிறேன்: பத்மநாபபுரம் அரண்மனையில் மர அழிகளின் வழியே விழும் வெயில் தரையில் கோடு கோடாகக் கிடந்து, சூரியன் நகர நகரச் சாய்வதை ஒரு முறையாவது நின்று பார்த்திருப்பீர்கள். புத்தளம் உப்பளத்தில் பாத்திகளும் வரப்புகளும் தொலைவு போகப் போக நெருங்கி, கடைசியில் ஒரே வெள்ளைக் கோடாகிவிடுவதையும் பார்த்திருப்பீர்கள். நஸ்ரீன் இவற்றைக் கண்டாரென்று நான் சொல்லவில்லை; அவருடைய படத்தைப் பார்க்கும் பயிற்சி நம் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே கிடைக்கிறது என்கிறேன். மாணவிகளை அந்த உப்பளத்துக்கு ஒரு மாலைப் பொழுது அழைத்துச் சென்றுவிட்டு, பிறகு படத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: அவர் ஆசிரியராகவும் இருந்தாராமே? வகுப்புச் சுமை அவருடைய ஓவியத்தைக் கெடுக்கவில்லையா?
— ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: 1972இல் பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலத்தில் கற்பிக்கச் சேர்ந்தார். கே. ஜி. சுப்ரமணியன், குலாம் முகமது ஷேக் போன்றோர் பணியாற்றிய அந்தப் புலம், கதை சொல்லும் உருவ ஓவியங்களுக்கு அப்போது பெயர் பெற்றிருந்தது. அத்தகைய இடத்தில் கதையே இல்லாத படம் வரைபவர் ஆசிரியராக இருந்ததும், அவரை மாணவர்கள் விரும்பியதும் அந்த நிறுவனத்துக்கும் பெருமை என்றே கருதுகிறேன். கெடுத்ததா என்று கேட்கிறீர்கள். அவருடைய மிகச் சிறந்த படங்கள் எல்லாம் பரோடாக் காலத்தவை என்பதே என் பதில். அவரிடம் படித்த ரூபினா கரோடே, பிற்காலத்தில் டெல்லியிலும் மாட்ரிட்டிலும் நியூயார்க்கிலும் தம் ஆசிரியையின் பெருங்கண்காட்சிகளை அமைத்தார். நியூயார்க்கின் மெட் ப்ரூயர் அருங்காட்சியகம் 2016இல் திறக்கப்பட்டபோது அதன் தொடக்கக் கண்காட்சிகளில் ஒன்று நஸ்ரீனுடையது.

சுமை வேறிடத்தில் இருந்தது. உடலசைவுகளைக் கட்டுப்படுத்த முடியாமல் செய்யும் நரம்பு நோய் அவரைப் பற்றியிருந்தது. கை சொன்னபடி கேட்காத அந்த ஆண்டுகளில்தான், வெற்றுத் தாளில் மிதக்கும் சாய்கோடுகளை முடியிழை போன்ற நுட்பத்துடன் வரைந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை. 1990இல், மும்பைக்குத் தெற்கேயுள்ள கிஹிம் என்ற கடற்கரை ஊரில் 53ஆம் வயதில் காலமானார்.

கேள்வி: அவருடைய படங்களுக்குத் தலைப்பு ஏன் இல்லை?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: அவர் வைக்கவில்லை. ஆண்டைக் குறிப்பதும் அரிது; ஆகவே 'தலைப்பில்லாதது, சுமார் 1975' என்பதுபோலவே அருங்காட்சியகங்கள் எழுதுகின்றன. நிழல், நடைபாதை, கடல்மணல் ஆகியவற்றை அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களை வாழ்நாளில் ஒருமுறைகூடக் காட்சிக்கு வைக்கவில்லை. தக்கலை ஆசிரியை உப்பளத்துக்குப் போகும் நாளில், மாணவிகள் கைப்பேசியில் எடுக்கும் படங்களுக்கும் தலைப்புக் கேட்காமல் இருக்கலாம்.