பேரன் கையில் இருப்பது

கேள்வி: அமெரிக்காவில் பையன்கள் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து சுடுகிறார்கள். நம் நாங்குநேரியில் உடன் படித்தவனை வீடு புகுந்து வெட்டினார்கள். பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்புப் பையன் அரிவாளோடு வகுப்புக்கு வந்தான். எல்லாவற்றுக்கும் செல்போன் வீடியோ கேம்தானே காரணம்? அரசு ஏன் தடை செய்யவில்லை? பிளஸ் ஒன் படிக்கும் என் பேரனும் ராத்திரியெல்லாம் சுடுகிற விளையாட்டுதான் ஆடுகிறான். மற்றபடி தங்கமான பையன். கையில் நம் ஆட்கள் கட்டுகிற கயிறு தவிர வேறு பழக்கம் எதுவும் கிடையாது.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், களக்காடு

பதில்: அண்ணாச்சி, ராத்திரி கண்விழித்தால் கண்ணும் கெடும், படிப்பும் கெடும். போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் கொலைப்பழியை அதன் தலையில் போடுமுன் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

அமெரிக்கப் பையன் ஆடுகிற அதே விளையாட்டைத்தான் ஜப்பான் பையனும் கொரியப் பையனும் ஆடுகிறார்கள். ஜப்பானில் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று துப்பாக்கியை வீட்டுப் பக்கம் எளிதில் அண்டவிடுவதில்லை. அமெரிக்காவிலோ 100 பேருக்கு 120 துப்பாக்கிகள் என்று 2018-இல் ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வு அமைப்பு மதிப்பிட்டது. கைக்குழந்தைக்கும் ஒன்று கொடுத்தது போக மிச்சம் இருக்கிறது. 1999-இல் கொலம்பைன் பள்ளியில் சுட்ட இருவரும் ‘டூம்’ விளையாட்டுப் பித்தர்கள் என்பது உண்மை. ஊர் முழுக்க அதைத்தான் பேசியது. அவர்களிடம் இருந்த நான்கு துப்பாக்கிகளில் மூன்றை, 18 வயதுத் தோழி ஒருத்தி துப்பாக்கிச் சந்தையில் வாங்கிக் கொடுத்திருந்தாள், நாம் மேலப்பாளையம் சந்தையில் ஆடு பிடிப்பதுபோல.

2012 டிசம்பர் 14-ஐ மட்டும் பாருங்கள். சீனாவின் ஹெனான் மாகாணத்தில் ஒருவன் கத்தியோடு கிராமப் பள்ளியில் புகுந்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளை வெட்டினான். ஒரு குழந்தைகூடச் சாகவில்லை. அதே நாளில் அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளியில் ஒருவன் துப்பாக்கியோடு புகுந்தான். 20 குழந்தைகள், 6 பெரியவர்கள் செத்தார்கள். 2023-இல் நாங்குநேரியில் வெட்டுப்பட்ட மாணவனும் குறுக்கே விழுந்த தங்கையும் இன்று உயிரோடு இருக்கிறார்கள். வந்தவர்கள் கையில் வேறு ஆயுதம் இருந்திருந்தால்? நினைக்கவே வயிறு கலங்குகிறது.

அப்படியானால் அரிவாளைப் பூட்டிவிடலாமா என்பீர்கள். அதற்குக் களக்காட்டு வாழைத்தோட்டம் ஒத்துக்கொள்ளாது. குலை வெட்ட, பாளை சீவ, விறகு பிளக்க, சுடலைமாடன் கொடைக்கு நேர்ந்துவிட என்று வீட்டுக்கு இரண்டு இருக்கும். ஆயுதச் சட்டமும் விவசாயத்துக்கும் வீட்டுக்கும் செய்த கருவிகளை ஆயுதக் கணக்கில் சேர்ப்பதில்லை. 2021-இல் காவல்துறை, அரிவாள் வாங்குகிறவர் பெயர், முகவரி, எதற்கு வாங்குகிறார் என்பதையெல்லாம் குறித்துவைக்கும்படி பட்டறைகளுக்குச் சொன்னது. ‘வாழைக்குலை வெட்ட’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

ஆக, அங்கே கொட்டிக் கிடப்பது துப்பாக்கி. இங்கே கொட்டிக் கிடப்பது வேறு. 1997 உங்களுக்கு நினைவிருக்கும். போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு ஒரு தலைவரின் பெயரை வைத்ததற்காகத் தென் மாவட்டங்களில் பஸ் எரிந்தது, தலை உருண்டது. கடைசியில் அரசு எல்லா மாவட்டங்களிலும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலும் இருந்த தலைவர்கள் பெயரை அழித்தது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் வெறும் திருநெல்வேலி மாவட்டம் ஆனது அப்போதுதான். அன்று எந்தப் பையன் கையில் செல்போன் இருந்தது? எந்த விளையாட்டைப் பார்த்து அவன் அரிவாள் தூக்கினான்? திண்ணையில் உட்கார்ந்து பெரியவர்கள் பேசியதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான்.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, மாணவர்கள் கையில் வண்ணக் கயிறும் மோதிரமும் கூடாது, நெற்றிக் குறியும் கூடாது என்கிறது. நீங்கள் ‘மற்றபடி’ என்று ஒரே சொல்லில் தாண்டிப்போனது அந்தக் கயிற்றைத்தான். பேரன் ஆடும் விளையாட்டில் யாரைச் சுட வேண்டும் என்று திரை சொல்கிறது, ஆட்டம் முடிந்தால் மறந்துபோகிறது. பள்ளிக்கூடத்தில் யார் பக்கத்தில் உட்கார வேண்டும், யாரை முறைக்க வேண்டும் என்பதைக் காலை முதல் மாலை வரை சொல்லிக்கொண்டிருப்பது மணிக்கட்டில் இருக்கிறது.

போனைப் பூட்டிவிட்டு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். அந்தக் கயிற்றை அவனுக்குக் கட்டிவிட்டது யார் என்பதை மட்டும் அதில் எழுதினால் போதும். பெயர் வெளியிட மாட்டேன்.