சுவருக்குள் பைப் எங்கே, ஒயர் எங்கே?

கேள்வி: பத்து வருடப் பழைய ஃபிளாட் ஒன்றை வாங்கியிருக்கிறோம். படுக்கையறையில் டிவி மாட்ட நினைக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. பைப், ஒயர் போகும் வரைபடம் எதுவும் கையில் இல்லை. துளை போடப் பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானதுதான். ஒயரைவிட இங்கே பைப்தான் எனக்கு முதல் கவலை. குளியலறைத் தடுப்புச் சுவர் பெரும்பாலும் நாலரை அங்குலம். அந்தப் பக்கமிருந்து ஒன்றரை, இரண்டு அங்குல ஆழத்துக்கு வெட்டிப் பைப்பைப் புதைத்திருப்பார்கள். உங்கள் பக்கம் மிஞ்சுவது இரண்டரை முதல் மூன்று அங்குலம். டிவி ஸ்டாண்டின் ஆங்கர் போல்ட்டே இரண்டு அங்குலத்துக்கு மேல் உள்ளே போகும்.

அதனால் முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போங்கள். ஷவர், மிக்சர் (சுடுநீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வரும் குழாய்), கீசர் பாயிண்ட், குழாய்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று அளந்து, அதே இடங்களைப் படுக்கையறைச் சுவரில் பென்சிலால் குறியுங்கள். இரண்டு அறைக்கும் பொதுவான வெளிச்சுவரிலிருந்து அளந்தால்தான் கணக்கு சரியாக வரும். குளியலறைத் தரை சற்றுத் தாழ்ந்திருக்கும், அதையும் கழிக்க வேண்டும். மிக்சரிலிருந்து ஷவருக்குப் பைப் நேர் மேலே ஏறும். குழாய்க்குக் குழாய் படுக்கையாக ஓடும். இந்தக் கோடுகளுக்கு இரு பக்கமும் அரை அடி விட்டுவிடுங்கள்.

ஒயர் பொதுவாகக் கூரையிலிருந்து நேராக ஸ்விட்ச் போர்டுக்கு இறங்கும். போர்டுக்கு நேர் மேலும் கீழும் கை வைக்காதீர்கள். ஆனால் ஒயர் போகும் பைப்பை மிச்சம் பிடிக்கச் சாய்வாக வெட்டிக் கொண்டுபோன வீடுகளையும் பார்த்திருக்கிறேன். மெயினை அணைத்துவிட்டு போர்டைக் கழற்றிப் பாருங்கள். அந்த ஒயர் பைப் எந்தப் பக்கத்திலிருந்து பெட்டிக்குள் வருகிறது என்று கண்ணுக்கே தெரியும்.

சுவருக்குள் இருப்பதைக் காட்டும் டிடெக்டர் கருவி வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். விலை மலிவானவை கம்பியையும் மின்சாரம் ஓடும் ஒயரையும் ஓரளவு காட்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பைப்பைக் காட்டாது. உங்கள் பிரச்சினையோ அதுதான்!

துளை போடும்போது பேட்டரி டிரில் கிடைத்தால் மெயினையே அணைத்துவிடலாம். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் வால்வை மூடி, குழாய்களைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். டிரில்லின் முனையில் மாட்டும் பிட்டில் தேவையான ஆழத்துக்கு ஒட்டும் டேப் சுற்றிக்கொண்டு, முதலில் மெல்லிய பிட்டால் மெதுவாகப் போடுங்கள். கொட்டும் தூளைக் கவனியுங்கள். சாம்பல் நிறம் பூச்சு, சிவப்பு செங்கல். ஈரமாகவோ பிளாஸ்டிக் சுருளாகவோ வந்தால் அப்படியே நிறுத்துங்கள்.

வால்வை மூடாமல் பைப்பைத் துளைத்துவிட்டால் பிட்டை உருவ வேண்டாம். அதுவே அடைப்பாக நிற்கும், அதற்குள் வால்வை மூடிவிடலாம். வேலை முடிந்து மெயினைப் போட்டதும் எம்.சி.பி. (கோளாறு வந்தால் தானாக அணையும் ஸ்விட்ச்) விழுந்தால், திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டுப் பார்க்காமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அடிபட்ட ஒயருக்கு டேப் சுற்றினால் போதாது, உருவிவிட்டுப் புது ஒயர் இழுக்கச் சொல்லுங்கள்.