குறுஞ்செய்தியை வேறு யார் படிப்பார்? – வாசகர் கேள்வி பதில்

ஹெச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களிடம் எஸ்.எம்.எஸ். வழியாகக் கேள்வி கேட்டு நடக்கும் ஆய்வுகள் பற்றிக் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்தார்கள். அதனால் எல்லோருடைய பெயரையும் விட்டுவிட்டோம்.

கேள்வி: மாத்திரை வாங்கப் போன இடத்தில், ஏதோ ஆய்வு என்று என் செல் நம்பரைக் கேட்டார்கள். வாரா வாரம் மெசேஜ் வருமாம். மாட்டேன் என்றால் மாத்திரையை நிறுத்திவிடுவார்களா? (வாசகி, பண்ருட்டி)

நிறுத்த முடியாது, சகோதரி. ஹெச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து (ஏ.ஆர்.டி.) உங்கள் உரிமை. ஆய்வில் சேருவது உங்கள் விருப்பம். ஒன்றுக்காக இன்னொன்றைப் பிடித்து வைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10-ல் நடைமுறைக்கு வந்த ஹெச்.ஐ.வி. – எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், விவரம் சொல்லிச் சம்மதம் வாங்காமல் ஹெச்.ஐ.வி. உள்ளவரை ஆய்வில் சேர்க்கக் கூடாது என்கிறது.

சேரலாமா என்று யோசிக்கிறீர்கள் என்றால் அவர்களிடம் நான்கு விஷயம் கேளுங்கள். மெசேஜ் எந்தப் பெயரில் வரும்? அதில் என்ன எழுதியிருக்கும்? (இப்போதே என் போனுக்கு ஒன்று அனுப்பிக் காட்டுங்கள் என்று சொல்லுங்கள்.) என் நம்பர் யார் யாரிடம் இருக்கும்? நிறுத்த நினைத்தால் என்ன செய்ய வேண்டும்? நான்கில் ஒன்றுக்கு மழுப்பலாகப் பதில் வந்தாலும் நம்பர் கொடுக்காதீர்கள். ஆய்வில் சேர்ந்துகொண்டு, மெசேஜ் மட்டும் வேண்டாம், மாத்திரை தரும் மையத்துக்கு வரும்போது நேரில் கேளுங்கள் என்றும் சொல்லலாம். மாத்திரை தருவதில் யாராவது இழுத்தடித்தால் தேசிய எய்ட்ஸ் உதவி எண்ணான 1097-க்குப் போன் போட்டு விவரம் சொல்லுங்கள், கட்டணம் கிடையாது.

கேள்வி: கடலூர் முதுநகர்ப் பக்கம் களப்பணி செய்கிறேன். "போன் உங்களுடையதுதானே?" என்று கேட்டுத்தான் சேர்த்தோம். ஆனால் ஒருவருக்குப் போன மெசேஜை அவர் மைத்துனர் படித்துவிட்டார். எங்கே தவறு?

கேட்ட கேள்வியிலேயே தவறு இருக்கிறது. போன் யாருடையது என்று கேட்டால் எல்லோரும் "என்னோடதுதான்" என்பார்கள். அது பொய்யும் இல்லை. நமக்குத் தெரிய வேண்டியது, அந்தத் திரையை வேறு யார் பார்ப்பார் என்பது. அதற்கு இப்படிக் கேளுங்கள்: "நீங்க குளிக்கப் போயிருக்கும்போது போன் அடிச்சா யார் எடுப்பாங்க?" "லாக் நம்பர் வேற யாருக்குத் தெரியும்?" "ரீசார்ஜ் யார் போடுறாங்க?" "பிள்ளைங்க கேம் ஆடுறது இந்தப் போன்லயா?" "போன வருஷம் எத்தனை தடவை சிம் மாத்தினீங்க?" இதற்கு ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தைச் சேமிக்கப் பார்க்காதீர்கள்.

அடுத்து, அவர் எதிரிலேயே ஒரு சோதனைச் செய்தி அனுப்புங்கள். அதற்கு முன் போனை லாக் செய்து மேசை மேல் மல்லாக்க வைக்கச் சொல்லுங்கள். செய்தி வந்ததும் திரையில் என்ன தெரிகிறது என்று இருவரும் பாருங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் லாக் திறக்காமலே முதல் வரி முழுதாகத் தெரியும். செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குள் போய், லாக் திரையில் செய்தி தெரியாதபடி மாற்றிக் கொடுங்கள். படித்ததும் அழிப்பது எப்படி என்று அவர் கையாலேயே ஒருமுறை செய்ய வையுங்கள். பட்டன் போனாக இருந்தால் தமிழ் எழுத்து தெரிகிறதா, வெறும் கட்டங்களாக வருகிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

இதற்குப் பிறகும் ஒரு தாழ்ப்பாள் வேண்டும். ஒவ்வொரு வாரமும் முதல் செய்தி வெறும் வணக்கமாக இருக்கட்டும். சேரும் நாளில் அவரே சொன்ன இரண்டு இலக்க எண் பதிலாக வந்தால் மட்டும் அடுத்த கேள்வி போகட்டும். பிறந்த வருடம், வண்டி நம்பர் போன்றவற்றை ரகசிய எண்ணாக ஏற்காதீர்கள், வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். இந்தத் தாழ்ப்பாள் இன்னொரு விதத்திலும் உதவும். ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போன நம்பர், குறைந்தது 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குப் போய்விடலாம். ஆறு மாத ஆய்வில் இது கட்டாயம் நடக்கும் என்று எண்ணியே திட்டமிடுங்கள்.

கேள்வி: நோயின் பெயரும் வரக் கூடாது, மாத்திரை என்ற சொல்லும் வரக் கூடாது, அதே சமயம் கேள்வி புரியவும் வேண்டும். தமிழில் எப்படி எழுதுவது? (ஆராய்ச்சி மாணவர், புதுச்சேரி)

கேள்வியை நேரில் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். செய்தி அதை நினைவூட்டினால் போதும். "1-வது கேள்வி என்றால், போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு என்று அர்த்தம்" என்று சேரும்போதே பழக்கிவிட்டால், "கேள்வி 1: எத்தனை நாள்? 0 முதல் 7 வரை" என்று அனுப்பலாம். மூன்று கேள்விக்கு மேல் மனதில் நிற்காது. அட்டையில் அச்சடித்துக் கொடுக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். வீட்டில் அந்த அட்டை அகப்பட்டால் செய்தியை மறைத்த பாடு வீண். உடலுறவு, துணை, ஆணுறை பற்றிய கேள்விகளை எஸ்.எம்.எஸ்ஸில் அறவே கேட்காதீர்கள். அவை நேரில், ஆளில்லாத அறையில் கேட்க வேண்டியவை.

அடுத்தது நீளம். ரோமன் எழுத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்ஸுக்கு 160 இடம். தமிழ் யூனிகோடுக்கு 70 இடம்தான். புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனி இடம் பிடிக்கும். "வணக்கம்" என்பது நமக்கு ஐந்தெழுத்து, போனுக்கு ஏழு. கீழே உள்ளதை எண்ணிப் பாருங்கள்:

"வணக்கம். இந்த வாரம் எப்படி? நலம் என்றால் 1, பேச வேண்டும் என்றால் 2."

இடைவெளியெல்லாம் சேர்த்துச் சரியாக 67. ஒரே செய்தியில் அடங்கும். மரியாதைக்கு இறுதியில் "அனுப்புங்கள்" என்று சேர்த்தால் 80 ஆகிவிடும், இரண்டாக உடையும். உடைந்தால் துண்டுக்கு 67 இடம்தான், காசும் இரட்டிப்பு. 60 பேருக்கு 12 வாரம் அனுப்பினால் 720 செய்தி. அந்த ஒரு சொல்லால் பில்லில் அது 1,440 ஆகும். பழைய போன்களில் இரண்டாம் துண்டு முந்திக்கொண்டு வந்து குழப்புவதும் உண்டு.

இடம் மிச்சம் பிடிக்க "ungal nalam eppadi" என்ற பாணியில் ரோமன் எழுத்தில் தமிழை எழுதலாமா என்றால், இளைஞர்கள் படிப்பார்கள், ஐம்பது வயதுப் பெண்கள் பலர் படிக்க மாட்டார்கள். யாருக்கு எது வேண்டும் என்று சேரும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்தே தெரியாதவர்களுக்கு மூன்று நம்பர் கொடுத்து, பதிலுக்கேற்ப ஒன்றுக்கு மிஸ்டு கால் விடச் சொல்லலாம். அதில் அவர்களுக்குக் காசும் போகாது. சின்ன ரீசார்ஜ் போடுபவருக்குப் பதில் எஸ்.எம்.எஸ். அனுப்பவே வழியில்லாமல் போகலாம் என்பதை மறக்காதீர்கள்.

எழுதி முடித்ததும், அதே நிலையில் வாழும் ஐந்தாறு பேரிடம் படித்துக் காட்டி, "இதில் என்ன கேட்டிருக்கு?" என்று அவர்கள் சொல்லில் சொல்லச் சொல்லுங்கள். திருநங்கையர் குழு, பாலியல் தொழிலாளர் குழு என்று தனித்தனியே இதைச் செய்யுங்கள். ஒரு குழுவுக்குச் சாதாரணமாகப் படும் சொல் இன்னொரு குழுவுக்குக் குத்தலாக இருக்கும்.

கேள்வி: மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்பும் கம்பெனியிடம் பணம் கட்டியும் பாதிச் செய்தி போகவில்லை. போனவற்றுக்குப் பதிலும் வரவில்லை. (தொண்டு நிறுவன ஊழியர், புதுச்சேரி)

இரண்டும் தனித்தனிக் கோளாறு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிப்படி அனுப்பும் நிறுவனம், அனுப்புநர் பெயரான ஹெட்டர், செய்தி வாசகமான டெம்ப்ளேட் மூன்றும் டி.எல்.டி. என்ற பதிவுத் தளத்தில் பதிவாக வேண்டும். பதிந்த வாசகத்தில் ஒரு புள்ளியோ இடைவெளியோ மாறினாலும் செய்தி வழியிலேயே நிற்கும். ஆகவே ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு வாசகத்தை இறுதி செய்த பிறகே டெம்ப்ளேட்டைப் பதியுங்கள். முதலில் பதிந்துவிட்டுக் குழு ஒரு சொல்லை மாற்றினால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

பதில் வராததற்குக் காரணம், எழுத்தாலான ஹெட்டருக்கு யாரும் பதில் அனுப்ப முடியாது. பதில் வாங்கப் பத்து இலக்க லாங் கோடு எண் தனியாக வாங்க வேண்டும்.

இன்னொன்று. ஹெட்டர் யாருடையது என்று டிராய் தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். நிறுவனப் பெயரிலேயே "எய்ட்ஸ்" இருந்தால், எவ்வளவு பூடகமாக எழுதினாலும் அந்தப் பெயர் காட்டிக்கொடுத்துவிடும். பொதுப் பெயருள்ள பல்கலைக்கழகமோ மருத்துவக் கல்லூரியோ பதிவு செய்வது நல்லது. உங்கள் சொந்தப் போனிலிருந்து அனுப்பவே கூடாது. "ஏ.ஆர்.டி. செல்வி" என்று நீங்கள் சேமித்த பெயரை, போன்புக்கைக் கேட்டு வாங்கும் செயலி ஏதாவது ஊருக்கே காட்டிவிடக்கூடும்.

கேள்வி: முதல் மாதம் நன்றாகப் பதில் வந்தது. பிறகு மீனவர்கள் பக்கம் ஓய்ந்துவிட்டது. பதில் அனுப்பியவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போடலாமா? (ஆய்வு உதவியாளர், கடலூர்)

போடக் கூடாது. மாத்திரை விட்டவர், வேலை போனவர், வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்தான் முதலில் மௌனமாவார். அவரை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் எல்லாம் நலம் என்றே வரும்.

மௌனத்தையும் ஒரு பதிலாகப் பதியுங்கள். செய்தி போய்ச் சேரவில்லையா, சேர்ந்தும் பதில் இல்லையா, பதில் வந்தும் புரியவில்லையா என்று மூன்றாகப் பிரியுங்கள். டெலிவரி ரிப்போர்ட் இதற்கு உதவும். பிறகு ஊர் நாட்காட்டியோடு ஒப்பிடுங்கள். ஆழ்கடல் போன படகில் சிக்னல் இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், ஆண்கள் கரையில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது, ரீசார்ஜும் நிற்கும். சித்திரையில் கூத்தாண்டவர் கோயில் திருவிழாவுக்குத் திருநங்கையர் கூவாகம் போய்விடுவார்கள். கோடையில் முந்திரிக் காட்டு வேலை. ஐப்பசி, கார்த்திகையில் புயல் வந்தால் கரண்ட் போய், சார்ஜும் போகும். 12 வார ஆய்வை எந்த மாதத்தில் தொடங்குகிறீர்கள் என்பதே முடிவை மாற்றும்.

எண்ணிக்கையைச் சொல்லும்போது வாரவாரியாக எத்தனை பேர் பதில் தந்தார்கள் என்று போடுங்கள். மருந்து வாங்கிய பதிவோடும் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று காட்டும் வைரல் லோடு முடிவோடும், சம்மதம் இருந்தால், ஒப்பிடுங்கள். "ஒரு நாளும் விடவில்லை" என்ற பதில் பல நேரம் மையத்து ஆலோசகர் திட்டுவார் என்ற பயத்தில் வருவது. பதில்கள் மையத்து ஊழியர் கண்ணில் படாது என்று உறுதி சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

கேள்வி: மெசேஜ் அனுப்பினால் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவார்களா? (வாசகர், நெய்வேலி)

அனுப்பினால் மட்டும் போதாது. கென்யாவில் 538 பேரோடு நடந்து 2010-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வில் வாரம் ஒரு முறை "எப்படி இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார்கள். நலம் அல்லது பிரச்சினை என்று 48 மணி நேரத்துக்குள் பதில் வர வேண்டும். பிரச்சினை என்றவருக்கும் பதிலே தராதவருக்கும் மருத்துவ ஊழியர் போன் செய்தார். வைரஸ் கட்டுக்குள் வந்தவர்கள் செய்தி பெற்ற குழுவில் 57 சதவீதம், செய்தி பெறாத குழுவில் 48. தென்னிந்தியாவில் 631 பேரோடு நடந்து 2014-ல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த ஆய்வில் வாரம் ஒரு தானியங்கிக் குரல் அழைப்பும் படச்செய்தியும் போயின. பலன் தெரியவில்லை. இரண்டும் வேறு வேறு நாடு, வேறு சூழல். ஆனாலும் திரும்பப் பேசும் ஆள்தான் வித்தியாசம் என்பது எங்கள் கணிப்பு.

கேள்வி: இரவு 11 மணிக்கு "இனி வாழப் பிடிக்கல" என்று ஒருவர் பதில் அனுப்பியிருந்தார். மறுநாள் மதியம்தான் பார்த்தோம். (பெயரில்லை)

முதலில் அவரோடு இன்றே பேசுங்கள். செய்தி அனுப்பாதீர்கள், குரலில் பேசுங்கள், முடிந்தால் நேரில் போங்கள்.

பிறகு அமைப்பைத் திருத்துங்கள். எண்ணைத் தவிர எழுத்தில் எந்தப் பதில் வந்தாலும் பொறுப்பாளர் போனுக்கு உடனே எச்சரிக்கை வரட்டும். அந்த வாரம் யார் பொறுப்பு என்று ஞாயிறு உட்பட அட்டவணை போடுங்கள். கேள்விகளைக் காலை 10 முதல் மாலை 5 மணிக்குள் அனுப்புங்கள், பதில் வரும் நேரத்தில் ஆள் இருப்பார். இரவில் வரும் பதிலுக்குத் தானாகப் போகும் செய்தியில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸ் எண் 14416 இருக்கட்டும், அது இருபத்திநாலு மணி நேரமும் எடுக்கும். நெறிமுறைக் குழுவுக்கும் இந்த நிகழ்வை எழுத்தில் தெரிவியுங்கள்.