மலக்குடல் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை முடிந்த பிறகும் மலக்குடலுக்குள் ஏன் கமரா விடுகிறார்கள்?

"அப்பாவுக்குக் கதிரும் மருந்தும் முடிஞ்சுது, சத்திரசிகிச்சைக்கு முதல் ஏன் திரும்பவும் கமரா?" திருகோணமலையில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது.

எண்டோஸ்கோபி என்பது நுனியில் கமரா உள்ள மெல்லிய குழாய். கட்டி எவ்வளவு கரைந்தது என்று அதால் நேரே பார்க்கலாம். கதிர் முடிந்த பின்னும் கட்டி பல வாரம் சுருங்கும். அதனால்தான் பெரும்பாலும் 8 முதல் 12 வாரம் பொறுக்கிறார்கள். தட்டையான வெண்தழும்பு, அதில் மயிரிழை போன்ற சிவப்பு இரத்தக்குழாய்கள் தெரிந்தால் மனதுக்கு ஆறுதல். புண்ணோ மேடோ இருந்தால் கட்டி மிஞ்சியிருக்கலாம்.

உப்புவெளிக் கரையில் வலை இழுப்பவரின் விரலில் மீன்முள் ஏறினால், மேல்தோல் ஆறிவிடும். முறிந்த நுனி உள்ளே கிடக்கும். குடல் சுவரும் அப்படித்தான். ஆகவே விரல் பரிசோதனையையும் எம்.ஆர்.ஐ.யையும் சேர்த்தே முடிவெடுப்பார்கள்.

கட்டி இருந்த இடத்தில் சிறு சதைத்துண்டு எடுத்துப் பார்த்ததில் ஒன்றுமில்லை என்றால் நோய் போய்விட்டது என்று நினைக்காதீர்கள்: அந்தத் துண்டு மேற்பரப்பில் எடுத்தது, ஆழத்தில் இருப்பதை அது காட்டாது.