ஊழியரின் கடவுச்சொல் திருட்டுப்போனால் அலுவலக நெட்வேர்க்கை எப்படிக் காப்பாற்றுவது?

யாழ்ப்பாண நகரில் இருபது கணினிகள் உள்ள ஒரு வியாபார நிறுவனத்தில் வேலை செய்வதாகச் சொல்லியிருக்கிறீர்கள். தெரிந்த ஒருவரின் மின்னஞ்சல் களவாடப்பட்டதைப் பார்த்துப் பயந்து, வெளியில் இருந்து வரும் இணைப்புகளை வடிகட்டும் நல்ல ஃபயர்வால் ஒன்று வாங்கினால் போதுமா என்று கேட்கிறீர்கள். யாழ்ப்பாணத்திலும் சுன்னாகத்திலும் சிறிய அலுவலகங்களுக்கு நெட்வேர்க் வேலை செய்துவருகிறேன், அந்த அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்.

போதாது. வேலி பாய்ந்து வருபவரைத்தான் ஃபயர்வால் மறிக்கும். திருடிய கடவுச்சொல்லோடு வருபவர் படலையைத் திறந்து, உங்கள் கணக்காளரின் பெயரிலேயே உள்ளே வருகிறார். கடவுச்சொல் என்றாவது வெளியே போகும் என்று இப்போதே வைத்துக்கொள்ளுங்கள். அது மட்டும் கையில் இருப்பவரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாதபடி உங்கள் நெட்வேர்க்கை அமைக்க வேண்டும்.

எப்படி வெளியே போகிறது? போலி லொகின் பக்கத்தில் தட்டிக் கொடுப்பது ஒரு வழி. வேறு தளத்தில் கசிந்த அதே கடவுச்சொல்லை அலுவலகத்திலும் வைத்திருப்பது இன்னொரு வழி. ஆனால் எங்கள் ஊரில் நான் அதிகம் அஞ்சுவது கிராக் மென்பொருளை. படம் திருத்தும் மென்பொருள், கணக்கு மென்பொருள் என்று இலவசமாக இறக்கிப் போடும்போது, "முதலில் அன்டிவைரஸை நிறுத்துங்கள்" என்று அதிலேயே எழுதியிருக்கும். அதோடு சேர்ந்து வரும் திருட்டு நிரல், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும் குக்கீகளையும் சில நிமிடங்களில் அள்ளிக்கொண்டு போய்விடும். குக்கீ போனால் இன்னும் மோசம். ஏற்கெனவே லொகின் ஆன நிலை அப்படியே திருடனிடம் போவதால், கடவுச்சொல்லும் ஓடிபியும் இல்லாமலே அவர் உள்ளே இருப்பார்.

அடுத்தது, ஆள் போன பின்னும் உயிரோடு இருக்கும் கணக்குகள். 2021 மே மாதம் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் எரிபொருள் குழாய் சில நாட்கள் நின்றுபோனது. திருடர்கள் நுழைந்தது ஒரு பழைய விபிஎன் கணக்கு வழியாக, அதாவது வெளியில் இருந்து நிறுவன நெட்வேர்க்குக்குள் வரும் பாதுகாப்பான இணைப்புக்கான கணக்கு. அந்தக் கணக்கை யாரும் பாவிக்கவில்லை, ஆனால் மூடவும் இல்லை. அதன் கடவுச்சொல் ஏற்கெனவே கசிந்த பட்டியல் ஒன்றில் கிடந்தது, கடவுச்சொல்லுக்கு மேலே இன்னொரு சான்று கேட்கும் இருபடிச் சரிபார்ப்பும் இல்லை. 75 பிட்கொயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 இலட்சம் டொலர், கப்பமாகக் கட்டினார்கள். எங்களிடம் இது எவ்வளவு சாதாரணம் என்று யோசித்துப் பாருங்கள். வேலை செய்தவர் கனடாவுக்கோ லண்டனுக்கோ போய்விடுவார். "ஏதும் கேட்க வேண்டி வந்தால்" என்று அவருடைய கணக்கு திறந்தே கிடக்கும், அதே கடவுச்சொல்லை இரண்டு பேர் பகிர்ந்தும் பாவிப்பார்கள். ஆள் விலகும் அன்றே கணக்கை முடக்குங்கள். தேவையான மின்னஞ்சல்களை வேறொருவருக்கு மாற்றிவிடலாம், கணக்கை வைத்திருக்கத் தேவையில்லை.

இருபடிச் சரிபார்ப்பை எல்லோருக்கும் போடுங்கள். ஒரே நாளில் முடியாவிட்டால் மின்னஞ்சல் நிர்வாகி, கணக்குப் பிரிவு, விபிஎன், பேக்கப் என்ற வரிசையில் தொடங்குங்கள். எஸ்எம்எஸ் ஒன்றும் இல்லாததை விட நல்லது, போனிலேயே எண்ணை உருவாக்கித் தரும் ஆதென்டிகேட்டர் செயலி அதைவிட நல்லது. ஆனால் இரண்டிலும் வரும் எண்ணை ஒருவர் போலிப் பக்கத்தில் தட்டிவிட முடியும். பாஸ்கீ, அதாவது கடவுச்சொல்லுக்குப் பதில் உங்கள் சாதனத்திலேயே இருக்கும் டிஜிட்டல் சாவி, அப்படியல்ல. அது உண்மையான தள முகவரியோடு பிணைந்திருப்பதால் போலிப் பக்கத்தில் வேலையே செய்யாது, போனிலேயே செலவில்லாமல் வைத்துக்கொள்ளலாம். "அனுமதிக்கவா?" என்று போனுக்கு வரும் கேள்வியை மட்டும் நம்ப வேண்டாம். 2022 இல் ஊபரில் அப்படித்தான் நடந்தது. திருடன் திரும்பத் திரும்ப முயல, கடைசியில் ஒப்பந்தக்காரர் ஒருவர் ஒரு கோரிக்கையை ஏற்றுக்கொண்டார். திரையில் தெரியும் எண்ணைப் போனில் தட்டச் சொல்லும் முறை இருந்தால் அதை இயக்குங்கள்.

அலுவலகத்துக்குள்ளே நான் முதலில் பார்ப்பது அட்மின் கடவுச்சொல்லைத்தான். கணினி பூட்டித் தந்தவர் எல்லாவற்றுக்கும் ஒன்றையே போட்டிருப்பார், சிலவேளை தன் வாடிக்கையாளர்கள் எல்லோருக்குமே அதுதான். ஒரு கணினி போனால் இருபதும் போகும். கடவுச்சொல் தெரியாவிட்டாலும் அதன் ஹாஷை, அதாவது கணினி சேமித்து வைக்கும் அதன் உருமாற்றிய வடிவத்தை, எடுத்தே விண்டோஸில் அடுத்த கணினிக்குத் தாவ முடியும். எல்லாக் கணினிகளையும் ஒரே இடத்தில் இருந்து நிர்வகிக்கும் டொமைன் இருந்தால், விண்டோஸ் லாப்ஸ் என்ற மைக்ரோசொஃப்ட் வசதி ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனிக் கடவுச்சொல் வைத்துத் தானே மாற்றிக்கொள்ளும். டொமைன் இல்லாவிட்டால் கையாலே வேறு வேறாக வையுங்கள், இருபது கணினிக்கு ஒரு பின்னேர வேலைதான். தினசரி வேலைக்கு யாருக்கும் அட்மின் உரிமை வேண்டாம், முதலாளிக்கும்கூட.

முதலாளி வெளிநாட்டில் இருந்து கணக்குப் பார்ப்பதற்காக தூரத்தில் இருந்து கணினியை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பை ரௌட்டரில் திறந்துவிட்டிருப்பார்கள். அதை இன்றே மூடி, இருபடிச் சரிபார்ப்புள்ள விபிஎன் வழியாக மட்டும் வரச் செய்யுங்கள். கமரா ரெக்கோடரையும் விருந்தினர் வைஃபையையும் தனி நெட்வேர்க்கில் போடுங்கள்.

மாதாமாதம் எல்லோரையும் கடவுச்சொல் மாற்ற வைப்பதில் பயன் இல்லை. பாதுகாப்பு வழிகாட்டல்களை வெளியிடும் அமெரிக்க அரசின் நிஸ்ட் நிறுவனமே 2017 இல் அதைக் கைவிடச் சொல்லிவிட்டது. கசிந்ததற்கு அறிகுறி தெரிந்தால் மாற்றுங்கள், மற்றபடி நீளமாகவும் தளத்துக்குத் தளம் வேறாகவும் இருக்கட்டும். அதற்கு, எல்லாவற்றையும் நினைவில் வைத்துத் தரும் கடவுச்சொல் மேலாளர் செயலி ஒன்று வேண்டும்.

வேறு நாட்டில் இருந்து வரும் லொகின்களை எல்லாம் தடுத்துவிட்டால் என்ன என்று கேட்பார்கள். எங்கள் நிறுவனங்களில் பாதிப் பங்காளிகள் வெளிநாட்டில் இருக்கும்போது அது சரிவராது. அவர்கள் இருக்கும் நாடுகளை அனுமதித்து, மற்றவற்றை மறித்து, புதிய சாதன லொகின் எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை வரும்படி வையுங்கள்.

சரி, திருட்டு நடந்தே விட்டது என்று வைப்போம். சந்தேகமான கணினியை நெட்வேர்க்கில் இருந்து கழற்றுங்கள், உடனே ஃபோமற் பண்ண வேண்டாம், தடயம் அழிந்துவிடும். வேறு சுத்தமான கணினியில் இருந்து கடவுச்சொல்லை மாற்றி, அந்தக் கணக்கின் எல்லா லொகின்களையும் வெளியேற்றுங்கள். கடவுச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டு நிற்பவர்கள் நிறையப் பேர். குக்கீ திருடியவர் அப்போதும் உள்ளே இருக்கக்கூடும். பிறகு மின்னஞ்சலில் வரும் கடிதங்களைத் தானாக வேறு முகவரிக்கு அனுப்பும் ஃபோர்வேர்டிங் விதி ஏதும் புதிதாக இருக்கிறதா, தெரியாத போன் ஒன்று இருபடிச் சரிபார்ப்பில் சேர்ந்திருக்கிறதா, தெரியாத செயலிக்கு அனுமதி போயிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பெயரில் வாடிக்கையாளருக்குப் புதிய வங்கிக் கணக்கு எண் போயிருக்கலாம், அதனால் பணம் கட்டவிருப்பவர்களைப் போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். கணினித் தாக்குதல்களைக் கையாளும் இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கும் அறிவிக்கலாம். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் இது குற்றம், பொலிஸில் முறைப்பாடு செய்ய முடியும்.

தவறான இணைப்பை அழுத்திய பிள்ளையைத் தயவுசெய்து எல்லோர் முன்னாலும் ஏசாதீர்கள். அடுத்தவர் பயந்து இரண்டு நாள் மறைப்பார், திருடனுக்கு அந்த இரண்டு நாள் தாராளம்.