பெங்களூரா, சொந்த ஊரா? எந்த ஆயரிடம் போவது?

கேள்வி: வயது 24. பி.காம். முடித்து கம்மனஹள்ளியில் தங்கி வேலை பார்க்கிறேன். பிறந்தது திண்டுக்கல் பக்கம். பெங்களூரு வந்து எட்டு வருடமாகிறது. கத்தோலிக்க மறைமாவட்டக் குருவாக ஆசை. வயது தாண்டிவிட்டதா? எங்கே தொடங்குவது?

பதில்: வயது தாண்டவில்லை. குருப்பட்டத்துக்கே பொதுவாக 25 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதுதான் திருச்சபைச் சட்டம். டிகிரி முடித்து, வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர்.

நீங்கள் முதலில் முடிவெடுக்க வேண்டியது வேறு: எந்த மறைமாவட்டம், அதாவது எந்த ஆயரின் ஆளுகைப் பகுதி? துறவற சபையில் சேர்ந்தால் சபை அனுப்பும் ஊருக்குப் போவீர்கள். மறைமாவட்டக் குருவோ ஓர் ஆயருக்குக் கீழ்ப்படிவதாக வாக்களித்து, அங்குள்ள மக்களோடுதான் காலம் முழுக்க இருப்பார். குருப்பட்டத்துக்கு முந்தைய படியான திருத்தொண்டர் பட்டம் வாங்கும் அன்றே அந்த மறைமாவட்டத்தோடு இணைக்கப்படுகிறார். அப்புறம் மாறுவதென்றால் இரண்டு ஆயர்களும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

எட்டு வருடமாக இங்கேயே இருக்கிறீர்கள், பெங்களூரு உங்களுக்குச் சொந்த மறைமாவட்டமாகவே கணக்கு. பணிசெய்ய விரும்பும் இன்னொரு மறைமாவட்டத்தைத் தேர்ந்துகொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் சிவாஜிநகர் மரியன்னை பசிலிக்காவின் தமிழ்ப் பூசையை மட்டும் மனதில் வைத்து பெங்களூரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நாளை தும்கூரு பக்கம் ஒரு பங்குக்கு (ஒரு கோயிலும் அதைச் சேர்ந்த மக்களும்) அனுப்பினால், நோயாளியின் கட்டிலருகே கன்னடத்தில்தான் செபிக்க வேண்டும். அதற்கு மனதார உடன்பட்டு, இப்போதே கன்னடம் கற்கத் தொடங்கினால் பெங்களூரு சரி. மனம் சொந்த ஊரிலேயே இருந்தால் அந்த ஊர் ஆயரிடம் போங்கள். அதில் குறை ஒன்றுமில்லை.

இனி வழி. உங்களை அறிந்த பங்குத்தந்தையிடம் பேசுங்கள். அவர் கடிதத்தோடு குருவாக விரும்புகிறவர்களை வழிநடத்தும் மறைமாவட்ட இறை அழைத்தல் இயக்குநரைப் பார்த்து, அவர்கள் நடத்தும் முகாமில் கலந்துகொள்ளுங்கள். தேர்வானால் ஆயத்தக் காலம், மெய்யியல் 2 ஆண்டு, இறையியல் 4 ஆண்டு, நடுவே களப்பணி. எட்டு, ஒன்பது வருடம் ஆகலாம். திருத்தொண்டரான பிறகு குறைந்தது 6 மாதம் கழித்தே குருப்பட்டம். அதற்கு முன் திருமண ஓலை வாசிப்பதுபோல் உங்கள் பெயரையும் கோயிலில் அறிவிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தால் மக்கள் சொல்லியாக வேண்டும்.

திருமுழுக்குச் (ஞானஸ்நான) சான்றிதழை, திருமுழுக்கு பெற்ற ஊரிலேயே புதிதாக வாங்குங்கள். உறுதிபூசுதல், திருமணம் எல்லாம் அந்தப் பதிவேட்டின் ஓரத்தில்தான் குறிக்கப்படும். பழைய நகல் பயன்படாது.

கடன் இருந்தால் அடைத்துவிட்டு வாருங்கள். பெற்றோர் உங்கள் சம்பளத்தை நம்பியிருக்கிறார்களா என்று இயக்குநர் கட்டாயம் கேட்பார். அதை மறைக்காதீர்கள்.